காது, மூக்கு, தொண்டை, தலை–கழுத்து அறுவை மருத்துவத்தில் உறைவிடப் பயிற்சி

மருத்துவப் பட்டம் பெற்ற ஒருவர் மருத்துவமனையொன்றில் ஊதியத்துடன் பணிபுரிந்துகொண்டே, மூத்த மருத்துவர்களின் மேற்பார்வையில் ஆண்டுக்காண்டு கூடுதல் பொறுப்பேற்று, காது முதல் கழுத்தின் அடிவரையுள்ள நோய்களுக்கு அறுவை செய்யக் கற்கும் முறையே உறைவிடப் பயிற்சி எனப்படும். அமெரிக்காவில் இது ஐந்தாண்டு. இந்தியாவில் எம்.எஸ். பட்டத்துக்கு மூன்றாண்டு. பயிற்சி பெறுபவர் மருத்துவமனை வளாகத்திலேயே தங்கியாக வேண்டும் என்றிருந்த காலத்தில் அவருக்கு ‘ரெசிடென்ட்’ என்ற பெயர் ஏற்பட்டது. வளாகத்தில் தங்கும் கட்டாயம் பல நாடுகளில் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் நோயாளிகள் இவரை ‘பி.ஜி. டாக்டர்’ என்றே அறிவார்கள்.

ஒரு மருத்துவத் துறை முதலில் உருவாகும், பிறகு தனக்கு வேண்டிய பயிற்சியை அது வகுத்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பு. இத்துறையின் வரலாறோ பெரும்பாலும் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது. காதும் மூக்கும் தொண்டையும் ஒரே மருத்துவரிடம் வந்து சேர்ந்ததும், பின்னாளில் கழுத்துப் புற்றுநோய் அறுவை அவரிடம் சேர்ந்ததும், மூச்சுக்குழாயை உள்நோக்கும் கலை அவரிடமிருந்து பெரிதும் நழுவியதும் பயிற்சி எப்படி அமைந்தது என்பதைப் பொறுத்தே நடந்தன. ஒரு கருவியையோ அறுவையையோ யார் கண்டுபிடித்தார் என்பதைக் காட்டிலும், யார் அதைத் தம் மாணவருக்கு ஆண்டுதோறும் தவறாமல் கற்றுக்கொடுத்தார் என்பதே அதன் உரிமையை முடிவுசெய்தது. இக்கட்டுரை அந்தக் கருத்தைச் சான்றுகளோடு தொடர்ந்து பார்க்கிறது. அதற்கு எழக்கூடிய மறுப்புகளையும் எடுத்துக்கொள்கிறது.

உறைவிட முறைக்கு முன்

அறுவையைக் கற்பிக்க ஒழுங்கு வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. சுசுருத சங்கிதையில் மாணவர் நோயாளியைத் தொடுமுன் எவற்றின்மேல் பழக வேண்டும் என்பதற்குத் தனி அதிகாரமே உண்டு. கீறிப் பழகப் பூசணி, சுரை போன்ற காய்கள்; கிழிந்த காதுமடலை ஒட்டிப் பழக மென்தோலும் தாமரைத் தண்டும் என்று அது பட்டியல் தருகிறது. ஆனால் அந்த ஒழுங்கு நிறுவனமாக நிலைபெறவில்லை. நெற்றித் தோலை இறக்கி அறுபட்ட மூக்கைச் சீரமைக்கும் கலை, இந்தியாவில் சில குடும்பங்களின் பரம்பரைத் தொழிலாகவே எஞ்சியிருந்தது. புனே வட்டாரத்தில் நடந்த அத்தகைய ஓர் அறுவையைப் பற்றிய செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அதைப் படித்த ஜோசப் கார்ப்யூ 1814இல் லண்டனில் அதே முறையைச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் அது ஐரோப்பிய அறுவைக் கூடங்களின் பாடமாயிற்று. கலை பிறந்த இடம் ஒன்று. அது பாடமான இடம் வேறு. இத்துறையின் வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதிவரை காதும் தொண்டையும் ஒரே துறையாக இருக்கவில்லை. லண்டனில் வாழ்ந்த, பாடக் கற்பிக்கும் ஆசிரியர் மனுவேல் கார்சியா, 1854இல் பல்மருத்துவக் கண்ணாடி ஒன்றையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்வளையைத் தாமே பார்த்தார். வியன்னாவின் லுட்விக் டியூர்க்கும், பெஸ்ட் நகரின் யோஹான் செர்மாக்கும் சில ஆண்டுகளில் அக்கண்ணாடியை நோயறியும் கருவியாக்கினார்கள். யார் முந்தியவர் என்ற சச்சரவும் இருவருக்கிடையே மூண்டது. 1870இல் லியோபோல்ட் ஷ்ரோட்டர் தலைமையில் குரல்வளை மருத்துவப் பிரிவும், 1873இல் ஆடம் பொலிட்சர், யோசஃப் குரூபர் இருவர் பொறுப்பில் காது மருத்துவப் பிரிவும் வியன்னாப் பொது மருத்துவமனையில் தோன்றின. இரண்டும் தனித்தனி உலகங்கள். தொண்டையைப் பார்ப்பவர் பொது மருத்துவத்திலிருந்து வந்தார். காதைப் பார்ப்பவர் அறுவைப் பக்கம் சாய்ந்தார். அமெரிக்கச் சங்கங்களும் அப்படியே பிரிந்திருந்தன: காதுக்கு 1868இலும் குரல்வளைக்கு அதற்குப் பத்தாண்டு கழித்தும் தனித்தனிச் சங்கங்கள் தோன்றின, மூன்றையும் பெயரில் தாங்கிய சங்கம் 1895இல்தான் வந்தது.

அக்காலத்தில் ‘நிபுணர்’ ஆவதற்கு வழி எளிது. சில ஆண்டுகள் பொது மருத்துவம் பார்த்துவிட்டு, கையில் காசு சேர்ந்ததும் வியன்னாவுக்கோ பெர்லினுக்கோ கப்பலேறி, கட்டணம் செலுத்திச் சில வாரப் பாடங்களில் அமர்ந்து திரும்பினால் போதும். கண், காது, மூக்கு, தொண்டை நான்கையும் பெயர்ப்பலகையில் எழுதிக்கொள்ளலாம். வெளிநாடு போக இயலாதவர்களுக்கு நியூயார்க்கில் 1882 முதல் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் இருந்தன. அங்கேயும் குறுகிய காலப் பாடங்களே. வியன்னாவின் ஆசிரியர்கள் பெரும் அறிஞர்கள். பொலிட்சரிடம் பாடம் கேட்கப் பல நாட்டவர் வந்தார்கள். ஆனால் கேட்டவர் கத்தியைத் தம் கையில் பிடித்தது அரிது. தாம் அறுத்த நோயாளி மறுநாளும் மறுமாதமும் எப்படி இருந்தார் என்று பார்த்தது அதனினும் அரிது. 1910இல் அமெரிக்க மருத்துவக் கல்வியைக் கூர்ந்து ஆராய்ந்த ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னரின் அறிக்கை இப்பட்டமேற்படிப்புப் பள்ளிகளையும் விட்டுவைக்கவில்லை. அடிப்படைக் கல்வியின் ஓட்டைகளை அடைக்கும் இடங்களாகவே அவை பெரிதும் இருந்தன என்பது அவர் கண்ட குறை.

பால்டிமோரின் ஏற்பாடு

1889இல் பால்டிமோரில் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் ஜெர்மானியப் பல்கலைக்கழக முறையைத் தழுவி ஓர் ஏற்பாட்டைச் செய்தார். இளம் மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே தங்கினார்கள். பயிற்சிக்கு இத்தனை ஆண்டு என்ற வரையறை கிடையாது. கீழ்ப்படியில் பலர் நுழைந்தாலும் உச்சிக்கு ஒருவரே போக முடியும். அவர் தலைமை உறைவிட மருத்துவராகி, ஏறத்தாழத் தனித்தே அறுவைப் பிரிவை நடத்துவார். இதன் கோட்பாட்டை ஹால்ஸ்டெட் 1904இல் யேல் பல்கலைக்கழகப் பேருரையில் விளக்கினார். அவருடைய 33 ஆண்டுக் காலத்தில் அப்படி உச்சிக்குப் போனவர்கள் 17 பேரே. எண்ணிக்கை சிறிது. ஆனால் அவர்களிற் பலர் வேறு நகரங்களில் தலைவர்களாகி, தாம் வளர்ந்த முறையையே அங்கும் நட்டார்கள்.

காது, மூக்கு, தொண்டைக்கு இம்முறை வந்த விதம் கவனிக்கத்தக்கது. 1912இல் அப்பிரிவுக்குத் தலைவர் தேவைப்பட்டபோது ஹால்ஸ்டெட் பெயர்பெற்ற காது நிபுணர் எவரையும் அழைக்கவில்லை. மூளை அறுவையின் முன்னோடி ஹார்வி குஷிங்கிடம் பணிபுரிந்த, முப்பது வயதுகூட நிரம்பாத சாமுவேல் குரோவைத் தேர்ந்தெடுத்தார். குரோவுக்கு இத்துறையில் முன்பயிற்சி இல்லை. அறுவையிலும் ஆய்வுக்கூடத்திலும் பயிற்சி இருந்தது. நிபுணரை வைத்துப் பயிற்சி தொடங்குவதற்கு மாறாக, பயிற்சியின் ஒழுங்கை அறிந்தவரை வைத்து நிபுணர்களை உருவாக்கும் முயற்சி அது. குரோ நாற்பதாண்டுக் காலம், 1952வரை, அப்பிரிவை நடத்தினார். இறந்தோரின் காதெலும்புகளைச் சேகரித்து, சீவி, அவர்கள் உயிரோடிருந்தபோது அளந்த கேட்புத்திறனோடு ஒப்பிடும் ஆய்வு அங்கே நடந்தது. பயிற்சி மருத்துவர் அறுவைக்கூடத்தோடு அந்த ஆய்வகத்தையும் அறிந்து வளர்ந்தார். காதும் மூக்கும் தொண்டையும் ஒரே கையின் வேலை என்ற எண்ணம் ஒரே பயிற்சித் தொடரில் மூன்றையும் கற்றவர்களால்தான் உறுதிப்பட்டது.

ஒருசில மருத்துவமனைகளின் வழக்கம் நாட்டின் விதியாக, தேர்வு வேண்டியிருந்தது. 1924இல் ஐந்து அமைப்புகள் கூடி அமெரிக்கக் காது–மூக்கு–தொண்டை மருத்துவச் சான்று வாரியத்தை நிறுவின. கண் மருத்துவ வாரியத்துக்கு அடுத்து அந்நாட்டில் தோன்றிய இரண்டாவது சிறப்புத்துறை வாரியம் இதுவே; பொது அறுவைக்குக்கூட அப்போது வாரியம் இல்லை. அதே 1924இல் பிரெமென் நகரில் கூடிய ஜெர்மானிய மருத்துவர் மாநாடும் சிறப்பு மருத்துவர்களுக்குரிய பயிற்சிக் காலங்களை வரையறுத்தது. இத்துறையினர் இத்தனை முந்திக்கொண்டதற்குக் காரணம் பெருமை அன்று, அச்சம். சில வாரப் பாடத்தோடு பெயர்ப்பலகை மாட்டியவர்கள் அதிகம் நிறைந்திருந்த துறை இது. யார் உள்ளே, யார் வெளியே என்று கோடு கிழிக்கும் தேவை இங்கேதான் முதலில் எழுந்தது.

வேலை பறிபோன காலம்

1930கள்வரை இத்துறையின் அன்றாடம் சீழோடு கூடியது. காதுக்குப் பின்னுள்ள மாஸ்டாய்டு எலும்பில் சீழ் கட்டி மூளைவரை பரவும் நோய் குழந்தைகளைக் கொன்றது. அவ்வெலும்பைக் குடைந்து சீழை வெளியேற்றுவதே பயிற்சி மருத்துவரின் இரவுநேர வேலை. 1935க்குப்பின் சல்ஃபா மருந்துகளும், 1940களில் பெனிசிலினும் வந்தபோது அந்த வார்டுகள் காலியாயின. டான்சில் அகற்றுவதைத் தவிர இத்துறைக்கு இனி என்ன மிச்சம் என்று துறையினரே கேட்கும் நிலை. நோய் அழிந்தால் துறையும் அழிவதுதான் முறை என்றால், காது–மூக்கு–தொண்டை அறுவை அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

அப்படி முடியாமற்போனது, இரண்டு வழிகள் திறந்ததால். முதலாவது நுண்ணறுவை. நியூயார்க்கின் ஜூலியஸ் லெம்பர்ட் 1938இல், எலும்பு இறுகிக் கேட்காமற்போன காதில் புதுச் சாளரம் திறக்கும் அறுவையை ஒரே கட்டத்தில் செய்யும் முறையை வெளியிட்டார். 1950களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வுல்ஸ்டைனும் ட்சோல்னரும் செவிப்பறையையும் நடுக்காதையும் சீரமைக்கும் முறைகளை வகுத்தார்கள். 1956இல் மெம்பிஸில் ஜான் ஷே, மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள அங்கவடி எலும்பை எடுத்துவிட்டு அதனிடத்தில் செயற்கைத் துண்டைப் பொருத்தினார். குழந்தையின் காதில் அவசரமாக எலும்பு குடைந்து பழகிய கைகளுக்கு இப்போது வேறு வேலை வந்தது. ஆனால் இதற்குப் பார்த்துக் கற்பது போதாது. முகநரம்பு எலும்புக்குள் ஓடும் பாதையைத் துளைக்கருவி மயிரிழையில் கடக்க வேண்டும்; கை தவறினால் நோயாளியின் முகம் ஒருபக்கம் கோணிவிடும். ஆகவே இறந்தோரின் காதெலும்பில் பலமுறை குடைந்து பழகும் கூடம் பயிற்சியின் கட்டாய உறுப்பாயிற்று. தாமரைத் தண்டில் பழகச் சொன்ன பழைய அறிவுரையின் தர்க்கமும் இதுவே.

கழுத்து யாருக்கு உரியது?

இரண்டாவது வழிதான் துறையின் பெயரையே நீட்டியது. கழுத்தின் பெரிய அறுவைகளைத் தொடங்கியவர்கள் பொது அறுவை மருத்துவர்கள். புற்றுநோய் கண்ட குரல்வளையை முழுதாக அகற்றும் முதல் அறுவையை 1873இன் இறுதியில் தியோடர் பில்ரோத் வியன்னாவில் செய்தார். கழுத்து நிணநீர் முடிச்சுகளை ஒரே தொகுப்பாக எடுக்கும் முறையை 1906இல் கிளீவ்லாந்தின் ஜார்ஜ் கிரைல், 132 அறுவைகளின் அடிப்படையில் விளக்கினார். நியூயார்க் மெமோரியல் மருத்துவமனையின் ஹேய்ஸ் மார்ட்டின் 1951இல் அதைப் பெருந்தொகை நோயாளிகளின் அனுபவத்தோடு நிலைநிறுத்தினார். இம்மூவரில் ஒருவர்கூடக் காது–மூக்கு–தொண்டை மருத்துவர் அல்லர். கண்டுபிடித்தவருக்கே உரிமை என்றால் கழுத்து இன்றும் பொது அறுவையிடம் இருக்க வேண்டும்.

மார்ட்டினைச் சூழ்ந்த பொது அறுவையினர் 1954இல் தலை–கழுத்து அறுவைச் சங்கம் கண்டார்கள். காது–மூக்கு–தொண்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் அப்பத்தாண்டின் இறுதியில் தமக்கென வேறு சங்கம் கண்டார்கள். இரண்டு சங்கங்களும் ஏறத்தாழ நாற்பதாண்டு தனித்தனியே நடந்து 1998இல் ஒன்றாயின. அதற்குள் போட்டி முடிந்திருந்தது. பொது அறுவையின் உறைவிடப் பயிற்சியில் வயிறு, மார்பு, இரத்தக்குழாய், விபத்து ஆகியவற்றுக்கிடையே தலை–கழுத்து ஒரு சிறு பகுதி. பெரும்பாலான பயிற்சி மருத்துவர்களுக்கு அது ஓரிரு மாதச் சுற்று. காது–மூக்கு–தொண்டைப் பயிற்சியிலோ குரல்வளைக்குள் கண்ணாடி விட்டுப் புற்றை முதலில் காண்பது, சதை எடுத்துச் சோதிப்பது, அறுப்பது, பிறகு பேச்சையும் விழுங்குதலையும் மீட்பது எல்லாம் ஒரே மருத்துவரின் தொடர்வேலை ஆயின. ஒவ்வோராண்டும் ஒரு தொகுதிப் பயிற்சி மருத்துவர்கள் இதைக் கற்று வெளியேறினார்கள். மறுபக்கம் அந்த அளவுக்குக் கற்று வந்தவர் குறைவு. 1980ஐ ஒட்டி அமெரிக்கக் காது–மூக்கு–தொண்டை மருத்துவக் கழகம் தன் பெயரில் ‘தலை–கழுத்து அறுவை’யைச் சேர்த்துக்கொண்டபோது, வகுப்பறையிலும் அறுவைக்கூடத்திலும் முன்பே நடந்துவிட்டதைப் பலகையில் எழுதியது, அவ்வளவுதான்.

இதே கருத்துக்கு மறுதிசைச் சான்றும் உண்டு. 1897இல் ஃபிரைபர்கின் குஸ்டாஃப் கிலியன் குழாய் வழியே மூச்சுக்குழாயில் சிக்கிய பொருளை எடுத்தார். ஃபிலடெல்ஃபியாவின் செவாலியர் ஜாக்சன் அதைப் பெருங்கலையாக வளர்த்தார். குழந்தைகள் விழுங்கிய ஊக்கு, பொத்தான், நாணயம் என்று அவர் எடுத்துச் சேர்த்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் அந்நகரின் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. இருவரும் இத்துறையினர், இக்கலையின் உரிமையில் அப்போது எவருக்கும் ஐயமிருக்கவில்லை. ஆனால் 1960களின் பிற்பாதியில் ஜப்பானின் ஷிகெட்டோ இக்கேடா வளையும் உள்நோக்கியைக் கொண்டுவந்ததும், நுரையீரல் மருத்துவர்கள் அதைத் தம் பயிற்சியின் அன்றாடப் பாடமாக்கிக்கொண்டார்கள். அமெரிக்காவில் பெரியவர்களின் மூச்சுக்குழாய் நோக்கல் பெரும்பாலும் அவர்கள் கைக்குப் போய்விட்டது. குழந்தையின் மூச்சுப்பாதையில் சிக்கிய பொருளைக் கெட்டிக்குழாய் கொண்டு எடுக்கும் வேலை மட்டும், பயிற்சியில் தொடர்ந்து கற்பிக்கப்பட்டதால், இத்துறையில் தங்கியது. கழுத்தில் கண்டுபிடித்தவர் இழந்தார், கற்பித்தவர் பெற்றார். மூச்சுக்குழாயில் கண்டுபிடித்த துறையே கற்பிப்பதில் பின்தங்கி இழந்தது.

மூன்று மறுப்புகள்

துறையை வளர்த்தது கருவிதான், பயிற்சி அதன் பின்னால் போனது என்பது முதல் மறுப்பு. இதில் உண்மை இல்லாமலில்லை. சைஸ் நிறுவனத்தின் அறுவை நுண்ணோக்கி 1953இல் வராதிருந்தால் அங்கவடி எலும்பின்மேல் யாராலும் இத்தனை துணிவோடு கை வைத்திருக்க முடியாது. ஆனால் ஸ்டாக்ஹோமில் கார்ல் ஓலோஃப் நைலேன் 1921லேயே காதறுவையில் நுண்ணோக்கியைப் பயன்படுத்தியிருந்தார். முப்பதாண்டு அது பரவாமல் கிடந்ததற்குக் கருவியின் குறைகளும் ஒரு காரணம், அதைச் சுற்றி ஒரு பாடத்திட்டம் எழாததும் ஒரு காரணம். தவிர, 1953இன் நுண்ணோக்கியைக் கண், மூளை அறுவையினரும் எடுத்துக்கொண்டார்கள். எது செய்யக்கூடியது என்பதைக் கருவி சொல்லும்; அதைச் செய்பவர் யார் என்பதைச் சொல்லாது. சைனஸ் உள்நோக்கி அறுவை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் மெஸ்ஸர்கிளிங்கரின் ஆய்வில் முளைத்து, 1985ஐ ஒட்டி டேவிட் கென்னடி வழியாக அமெரிக்காவுக்கு வந்த இம்முறை, முதலில் வாரக்கடைசிப் பயிலரங்குகளில் பரவியது. கண்குழியும் மூளையுறையும் மெல்லிய எலும்புத் தகட்டுக்கு அப்பால் இருக்கும் இடம் அது. தொடக்க ஆண்டுகளில் கண் பாதிப்பு, மூளைநீர்க் கசிவு போன்ற சிக்கல்கள் பதிவாயின. அனுபவம் ஏறஏறச் சிக்கல்கள் குறைந்தன என்பதையும் அக்காலக் கட்டுரைகள் காட்டின. அந்த அனுபவத்தை நோயாளியின் செலவில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஈட்டாமல் காத்தது, இம்முறை பிறகு உறைவிடப் பயிற்சிக்குள் வந்ததுதான்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கடுமையானது. பயிற்சி திறமையை மட்டும் கைமாற்றுவதில்லை, பிழையையும் கைமாற்றும் என்பது அது. இதை மறுக்க வழியில்லை. 1930களில் நியூயார்க்கில் 1,000 பள்ளிக் குழந்தைகளை ஆராய்ந்தபோது 611 பேருக்கு ஏற்கெனவே டான்சில் அகற்றப்பட்டிருந்தது. மீதிப் பேரை மருத்துவர்களிடம் காட்டியபோது 45 விழுக்காட்டினருக்கு அறுவை வேண்டும் என்றார்கள். வேண்டாம் எனப்பட்டவர்களை வேறு மருத்துவர்களிடம் காட்டினால் ஏறத்தாழ அதே பங்கினருக்கு மறுபடியும் அறுவை பரிந்துரைக்கப்பட்டது. மூன்றாம் சுற்றிலும் அப்படியே. எஞ்சியவர்கள் 65 பேர். நோயைப் பார்த்து வந்த முடிவென்று இதைச் சொல்ல முடியாது. கற்றுவந்த பழக்கத்தின் கணக்கு இது. மூக்கின் பின்பகுதியில் ரேடியம் வைத்து அங்குள்ள சதையைச் சுருக்கும் சிகிச்சையை வளர்த்தெடுத்தவரும் சாமுவேல் குரோவே. குழந்தைகளுக்கும், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நீர்மூழ்கி வீரர்களுக்கும் விமானிகளுக்கும் அது தரப்பட்டது. பின்னாளில் புற்றுநோய் அச்சத்தால் கைவிடப்பட்டது. சிறந்த பயிற்சிக்கூடத்திலிருந்து வந்த சிகிச்சை என்பதே அது பரவ உதவியது. ஆயினும் இம்மறுப்பு மூலக்கருத்தைத் தளர்த்தவில்லை. ஒரு துறையின் நல்லதும் கெட்டதும் பயிற்சி வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகின்றன என்பதற்கு இது இன்னொரு சான்று. கையோடு சேர்த்து ஐயத்தையும் கற்பிக்க வேண்டும் என்ற பொறுப்பும் இதிலிருந்தே பிறக்கிறது. பயிற்சிக் காலத்தில் ஆய்வேடு, சிக்கல்களையும் இறப்புகளையும் கூட்டாக ஆராயும் அமர்வு ஆகியவை இடம்பெற்றிருப்பதன் நியாயம் அதுதான்.

மூன்றாவது, பரப்பு பெருகினால் ஆழம் குறையும் என்பது. செவிப்பறை ஒட்டுவது, நத்தைச்சுருள் காதுக்கருவி பொருத்துவது, சைனஸ், குரல், தைராய்டு, புற்றுநோய், முகச்சீரமைப்பு, குழந்தை மூச்சுப்பாதை ஆகிய அனைத்தையும் ஐந்தாண்டில் ஒருவர் கற்க முடியுமா? முடியாது என்பதே நேர்மையான விடை. அங்கவடி எலும்பு அறுவை பல இடங்களில் அரிதாகிவிட்டது. அதைச் சொந்தக் கையால் போதிய தடவை செய்யாமலே பயிற்சி முடிப்பவர்கள் உண்டு. இதனால்தான் உறைவிடப் பயிற்சிக்குப் பின் ஓரிரு ஆண்டு மேற்பயிற்சிகள் பெருகின. ஆனால் இதிலிருந்து துறையை மறுபடி காது, மூக்கு, தொண்டை என்று உடைத்துவிடலாம் என்ற முடிவு வராது. தொண்டையின் பின்புறப் புற்று காதுவலியாக முதலில் தெரியலாம். மூக்கின் பின்புறக் கட்டி ஒரு காதில் நீர் கோத்துக் கேட்காமற்செய்யலாம். காதை மட்டும் கற்றவர் காதையே பார்த்துக்கொண்டிருப்பார். பொதுப்பயிற்சி தரவேண்டியது எல்லா அறுவைகளிலும் உச்சத் தேர்ச்சியை அன்று. ஒன்றைக் கண்டால் மற்றதை நினைக்கும் பார்வையை.

இந்தியாவும் தமிழ்நாடும்

இந்தியாவில் இத்துறை பிரிட்டிஷ் மரபில் வளர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியும் அதனோடிணைந்த பொது மருத்துவமனையும் தென்னாட்டின் முதன்மைப் பயிற்சிக்களம். பின்னாளில் மகாராஷ்டிர ஆளுநரான பி.வி. செரியன் சென்னையில் காது–மூக்கு–தொண்டை மருத்துவராக விளங்கியவர். இங்கே நெடுங்காலம் இரண்டு வழிகள் இருந்தன: மூன்றாண்டு எம்.எஸ். பட்டம், இரண்டாண்டு டி.எல்.ஓ. பட்டயம். தேசியத் தேர்வு வாரியம் நடத்தும் டி.என்.பி. மூன்றாவது வழி. அண்மை ஆண்டுகளில் பட்டய இடங்கள் பட்ட இடங்களாக மாற்றப்பட்டு வருகின்றன.

கழுத்து யாருக்கு என்ற கேள்விக்கு இந்தியாவில் கிடைத்த விடை அமெரிக்க விடையிலிருந்து வேறுபட்டது. காரணம் மட்டும் ஒன்றே. புகையிலையும் பாக்கும் தரும் வாய்ப்புற்று இந்நாட்டின் பெருஞ்சுமை. அதற்கான அறுவையை முறையான மேற்படிப்பாக முதலில் வகுத்தவை புற்றுநோய் நிறுவனங்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் 1984இல் புற்றுநோய் அறுவைக்கான எம்.சிஎச். என்ற மேற்சிறப்புப் படிப்பு வந்தது. ஆகவே வாய், தாடை, கழுத்துப் புற்றுக்கான பெரிய அறுவைகளில் கணிசமான பங்கு இங்கே புற்றுநோய் அறுவையினரிடம் சேர்ந்தது. மூன்றாண்டு எம்.எஸ். படிப்பில் காதும் சைனஸும் பெற்ற நேரத்தைக் கழுத்து பல கல்லூரிகளில் பெறவில்லை. டெல்லி எய்ம்ஸ் போன்ற இடங்களில் துறையின் பெயரிலேயே தலை–கழுத்து அறுவை உண்டு, தனி எம்.சிஎச். படிப்புகளும் சில இடங்களில் எழுந்துள்ளன. ஆனால் பெயரைச் சேர்ப்பதால் மட்டும் கழுத்து வந்துவிடாது என்பதை அமெரிக்க வரலாறு முன்பே சொல்லிவிட்டது.

பயிற்சி எதை முன்கூட்டியே கற்பித்திருந்ததோ அது நெருக்கடியில் எப்படிக் கைகொடுக்கும் என்பதை 2021 காட்டியது. கொரோனா இரண்டாம் அலையோடு கருப்புப் பூஞ்சை நோய் பரவி, நாட்டில் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். அழுகிய திசுவைச் சைனஸிலிருந்து உடனே அகற்றாவிட்டால் கண்ணும் உயிரும் போகும். உள்நோக்கி அறுவை முப்பதாண்டாகப் பட்டமேற்படிப்பில் வேரூன்றியிருந்ததால்தான், மாவட்ட அளவிலும் அந்த அறுவையைச் செய்யக் கைகள் இருந்தன. அவற்றில் பி.ஜி. டாக்டர்களின் கைகளும் இருந்தன. மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனையில் பணிபுரியும் மாவட்ட உறைவிடத் திட்டம் இப்போது பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. பெரிய கல்லூரிக்கு வந்துசேரும் அரிய நோய்களோடு, ஊரில் தங்கிவிடும் சீழ்வடியும் காதையும் பயிற்சிக்குள் கொண்டுவரும் ஏற்பாடாக அதைக் கொள்ளலாம்.

நேரமும் எண்ணிக்கையும்

ஹால்ஸ்டெட்டின் முறை உறைவிட மருத்துவரின் முழு வாழ்வையும் கேட்டது. 1984இல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் 18 வயதுப் பெண் இறந்ததும், ஓய்வின்றி உழைத்த பயிற்சி மருத்துவர்களின் களைப்பைப் பற்றிய விவாதம் எழுந்தது. 1989இல் அம்மாநிலத்திலும் 2003இல் அமெரிக்கா முழுதும் வாரத்துக்கு 80 மணி நேரம் என வரம்பு வந்தது. ஐரோப்பியச் சட்டம் பிரிட்டனின் இளம் மருத்துவர்களுக்கு 2009 முதல் அதை 48 மணி நேரமாக்கியது. இந்தியாவின் 1992ஆம் ஆண்டு உறைவிடத் திட்டமும் 48 மணி நேரத்தையே சொல்கிறது. நடப்பு அதற்கு வெகு தூரம். 2024இல் மருத்துவ மாணவரின் மனநலம் குறித்த தேசியப் பணிக்குழு 74 மணிக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைக்க வேண்டியிருந்ததே அதற்குப் போதிய சான்று.

நேரத்தைக் குறைத்தால் கை பழகாது என்பது மூத்தவர்களின் அச்சம். கூர்ந்து பார்த்தால் அந்த அச்சம் நேரத்தையும் பயிற்சியையும் ஒன்றென எண்ணுவதால் வருவது. இரவு முழுதும் படிவம் நிரப்பி, இரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் மருத்துவருக்குப் பணிநேரம் கூடும். காதெலும்பைக் குடையும் கை வளராது. இதை உணர்ந்தே அமெரிக்காவில் பயிற்சியை ஆண்டுகளால் மட்டும் அளப்பது போய், முக்கிய அறுவைகளில் ஒவ்வொன்றுக்கும் குறைந்தபட்ச எண்ணிக்கையும், திறமையின் படிநிலைகளும் வகுக்கப்பட்டன. இந்தியாவிலும் திறன் அடிப்படையிலான பாடத்திட்டமும் செய்த வேலைகளைப் பதியும் குறிப்பேடும் உண்டு. எண்ணிக்கை மட்டும் திறமைக்குச் சான்றாகாது. உதவிக்கு நின்றதைத் தாமே செய்ததாக எழுதிக்கொள்வதை எந்தக் குறிப்பேடும் தடுக்காது. என்றாலும் ஒருவர் எதைச் செய்தார் என்று கேட்பது, எத்தனை ஆண்டு இருந்தார் என்று கேட்பதைவிடச் சரியான கேள்வி.

2009இல் தொண்டைப் புற்றுக்கு வாய் வழியே இயந்திரக்கை அறுவை செய்ய அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தைராய்டைப் பொது அறுவையினரும் இத்துறையினரும் இன்றும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். குறட்டைக்கும் உறக்க மூச்சுத்தடைக்குமான சிகிச்சையில் நுரையீரல் மருத்துவர், பல் மருத்துவர், இத்துறையினர் என மூவர் நிற்கிறார்கள். இவற்றில் எது யாரிடம் தங்கும் என்பதை இயந்திரத்தை முதலில் வாங்கிய மருத்துவமனையோ, சங்கத்தின் பெயர்ப்பலகையோ தீர்மானிப்பது அரிது. கிரைலின் அறுவை அவர் துறையைவிட்டுப் போனதும், ஜாக்சனின் குழாய் அவர் துறையைவிட்டுப் போனதும் ஒரே விதிப்படிதான். அடுத்த ஆண்டு பயிற்சிக்குச் சேரும் இளம் மருத்துவரின் குறிப்பேட்டில் எந்தப் பக்கத்தில் எந்த அறுவை எழுதப்படுகிறது என்று பார்த்தால், முப்பதாண்டு கழித்துத் துறையின் எல்லை எங்கே ஓடும் என்பது ஓரளவு இப்போதே தெரியும்.